வேனுக்கு ஒரு ஜாமீன்

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்கருணை கொடுத்து முடித்து, சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்யாண ஓலை வாசிக்க மைக்கைப் பிடித்தாரென்றால், அந்த மயிலாப்பூர்ப் பங்குக் கோயிலில் தூங்குகிற ஆள்கூட விழித்துக்கொள்வார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசித்த பிறகுதான் கோயிலில் கல்யாணம் நடக்கும். அன்றைக்கு இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்தார். இரண்டிலும் லிசாவின் பெயர் இல்லை. எப்படி இருக்கும்? லிசாவுக்குத்தான் கல்யாணமே நிச்சயமாகவில்லையே!

இது லிசாவின் அப்பா ஃபிரெட்ரிக்குக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். ஆனாலும் அவரால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. காரணம், இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த ஆம்ப்ரோஸ். சாமியார் ஒவ்வொரு பெயரைச் சொல்லும்போதும் ஆம்ப்ரோஸ் திரும்பித் திரும்பி ஃபிரெட்ரிக்கைப் பார்த்தார். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். ஃபிரெட்ரிக்குக்கு மடி நிறையக் கனம். கல்யாணம் என்று பொய் சொல்லி ஆம்ப்ரோஸிடம் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து வாங்கியிருந்தார் மனுஷன்.

பூசை முடிந்து வாசலுக்கு வந்ததும் ஆம்ப்ரோஸ் வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம். ஃபிரெட்ரிக் பூகோள வாத்தியார், ஆம்ப்ரோஸ் ஆபீஸ் கிளார்க்.

"இன்னா சாரு, ஓலை வாசிப்பாங்கன்னு காதத் தீட்டிக்கினு ஒக்காந்துகினு கீறேன், ஒண்ணுத்தையும் காணோம்?"

"பையனோட பங்குக் கோயில் பெங்களூருலப்பா. அங்க மொதல்ல வாசிச்சிட்டு, அப்பறம் இங்க."

"அப்டியா? பையன் பேரு இன்னா?"

ஃபிரெட்ரிக்கின் கண் கோயில் அறிவிப்புப் பலகையில் போய் விழுந்தது. அங்கே யாரோ ஒருவருக்கு நினைவுப் பூசை என்று போட்டோவோடு ஒட்டியிருந்தது.

"ஜெரால்டு" என்றார். செத்துப்போனவர் பெயரை மகளுக்கு மாப்பிள்ளையாக்கியாயிற்று. சிலுவை போட்டுக்கொள்ளலாமா என்று நினைத்து, ஆம்ப்ரோஸ் ஏன் என்று கேட்பாரே என்று விட்டுவிட்டார்.

"நல்ல பேரு. எங்க ஊட்டுக்காரி லிசாவுக்கோசரம் டெய்லி ஒரு ஜெபமால சொல்லிக்கினு கீது, தெரிமா?"

தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் கேட்க மர்சலின் பக்கத்தில் இல்லை. ஃபிரெட்ரிக்கின் மனைவி எப்போதும் கடைசி பெஞ்சில் பக்கக் கதவை ஒட்டித்தான் உட்காருவாள். கதவைத் தாண்டினால் பங்கு ஆபீஸ், அதற்குப் பின்னால் கக்கூஸ். அந்தக் கதவு இல்லாவிட்டால் அவள் கோயிலுக்கும் வந்திருக்க மாட்டாள்.

விஷயம் அதுதான். கர்ப்பப்பையை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு மர்சலினுக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. வந்தால் உடனே போக வேண்டும். ரெண்டு நிமிஷம்கூடப் பொறுக்க முடியாது. டாக்டர்கள் பயிற்சி சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள், குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி பேடு கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கட்டிப் பார்த்தாள், தொடையெல்லாம் புண்ணாகி ஒரு மாதம் படுத்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளும் ஃபிரெட்ரிக்கும் நாகப்பட்டினத்துக்கு ரயிலில் போனார்கள். ரயிலில் கக்கூஸ் இருக்கிறதே என்ற தைரியம்தான். கக்கூஸ் இருந்தது. உள்ளே ஆளும் இருந்தது. எதிர்ப்பக்கத்துக் கக்கூஸும் பூட்டு, வெளியே நாலு பேர் வரிசை. மர்சலின் கதவைத் தட்டினாள், கெஞ்சினாள், அப்புறம் அந்த நாலு பேர் முன்னால் நின்ற இடத்திலேயே ஆகிவிட்டது. ஒருத்தர் காலைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். விழுப்புரத்தில் இறங்கி வாடகைக் காரில், வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி, வீடு வந்து சேர்ந்தார்கள்.

அன்றைக்குத்தான் அவள் அவரிடம் கேட்டாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. லிசாகிட்ட வேணும்னா சொல்லுங்க. வேற யாருக்கும் கூடாது. என் அக்காவுக்கும் கூடாது." அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றார். அப்புறம் அவள் நர்சரி டீச்சர் வேலையை விட்டாள். கல்யாணம் காட்சிக்குப் போவதை விட்டாள். மயிலாப்பூரைத் தாண்டி எங்கே போவதானாலும் வழியில் எங்கே இறங்கலாம் என்று கணக்குப் போட்டு, கணக்கு இடித்தால் வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

நாகப்பட்டினத்தில் இருப்பது அவளுடைய ஒரே அக்கா, சிஸ்டர் பெர்னதெத். கன்னியர் மடத்தில் இருக்கிறார். மாதம் ஒருமுறை போன் பண்ணி, "எப்ப வரீங்க?" என்பார். மர்சலின் போனை ஃபிரெட்ரிக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பதில் சொல்வது அவர் வேலை. பரீட்சை பேப்பர் திருத்தணும் சிஸ்டர். லிசாவுக்கு லீவு இல்ல சிஸ்டர். மர்சலினுக்கு முதுகு வலி சிஸ்டர். ஊர் உலகத்தில் இருக்கிற சாக்கு அத்தனையும் தீர்ந்து, பழைய சாக்குகளையே திருப்பிச் சொல்ல ஆரம்பித்திருந்தார். இந்த வருஷம் சிஸ்டர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு படுக்கையோடு படுக்கையாகிவிட்டார். வருகிற மழைக்காலம் தாண்டுவது கஷ்டம் என்று மடத்திலிருந்து தலைமைச் சிஸ்டரே போன் பண்ணிச் சொன்னார். மர்சலின் நாகப்பட்டினம் வரை எங்கெங்கே இறங்கலாம் என்று அன்று முழுக்கக் கணக்குப் போட்டாள், கணக்கு இடித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வாஜித் பாயின் வேன் கண்ணில் பட்டது. வாஜித் திருவல்லிக்கேணிக்காரர், வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பவர். பழைய ஸ்கூல் வேன் ஒன்றை வாங்கி, குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காகத் தன் கையாலேயே மாற்றி அமைத்திருந்தார். மடக்கினால் பெஞ்சு, விரித்தால் படுக்கை. ஒற்றை அடுப்பு, சின்ன ஃபேன். பின்பக்கம் அலமாரி அகலத்துக்கு ஒரு கக்கூஸ், உள்ளே தாழ்ப்பாள். பதிவெல்லாம் முறையாக இருந்தது. மகன் ரெஹான் மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறான், பணம் வேண்டும், விற்கிறேன் என்றார். நாலு லட்சம். இப்படி வண்டிகளுக்குக் கம்பெனிக்காரர்கள் சொல்கிற விலையைக் கேட்டால் மயக்கம் வரும். அதோடு பார்த்தால் இது கொள்ளை மலிவு.

வேன் அடையாறில் வாஜித் பாயின் மச்சான் ஷெட்டில் நின்றது. மர்சலினும் பார்க்க வந்தாள். ஆட்டோவில் வரும்போதே பாதி வழியில் ஒரு ஓட்டல் முன்னால் நிறுத்த வேண்டியிருந்தது. வேனுக்குள் ஏறி, படுக்கையைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை, நேராகப் பின்னால் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

வாஜித் பாய் ஃபிரெட்ரிக்கைப் பார்த்தார். ஃபிரெட்ரிக் தலையாட்டினார். வண்டி திருவான்மியூர் வரை போனது. சிக்னலில் மாட்டிக்கொண்டது. முன்னால் பஸ், பின்னால் தண்ணி லாரி, சுற்றிலும் ஹாரன். உள்ளே சத்தமே இல்லை. மயங்கி விழுந்துவிட்டாளோ என்று எழுந்து போய்க் கதவருகே நின்றார். தட்டக் கை வரவில்லை. திரும்பி ஷெட்டுக்கு வந்து நின்ற பிறகுதான் கதவு திறந்தது. மர்சலின் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்புறம் அழுதாள்.

"யாரும் கதவ தட்டல, லிசா டாடி" என்றாள். "இவ்ளோ நேரம் ஒருத்தரும் தட்டல."

இனிமேல் அந்த வேன் வேறு யார் கைக்காவது போனால் தன்னால் தாங்க முடியாது என்று ஃபிரெட்ரிக்குக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. கையில் இருந்தது ஒன்றரை லட்சம். மீதிக்கு பேங்குக்குப் போனார். வண்டி பழசு, வண்டிக் கடன் கிடையாது என்றார்கள். பர்சனல் லோன் வட்டியைக் கேட்டுவிட்டு எழுந்தார். "ரிட்டயர் ஆகப்போற வயசுல டூர் வண்டி எதுக்கு சார்?" என்று பேங்கில் இருந்த பையன் சிரித்தான். சிரிப்பான், அவனுக்கென்ன. மிச்சம் இருந்தது பல பள்ளிக்கூட ஊழியர்களும் சேர்ந்த கூட்டுறவு நாணயச் சங்கம். வட்டி குறைவு, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் இரண்டு உறுப்பினர்கள் ஜாமீன் போட வேண்டும். கடன்காரன் கட்டாவிட்டால் ஜாமீன்காரன் சம்பளத்தில் கை வைப்பார்கள். புதிதாக வேலைக்கு வந்த நோயல் என்ன ஏது என்று கேட்காமல் போட்டுவிட்டான். இன்னொரு ஆள் வேண்டும்.

ஆம்ப்ரோஸிடம் போனது ஃபிரெட்ரிக் செய்த தப்பு. ஆனால் வேறு யார் இருக்கிறார்கள்? ஆம்ப்ரோஸ் முன்பு ஒருத்தனுக்கு ஜாமீன் போட்டு, அவன் பைக் வாங்கி ஊர் சுற்றிவிட்டு வளைகுடாவுக்கு ஓடிப்போக, வருஷக்கணக்கில் அந்தக் கடனைத் தன் சம்பளத்திலிருந்து கட்டியவர். அதற்கப்புறம், வேறொரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிற மனைவி பிரிஸில்லா தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணியிருந்தார். கல்யாணம், ஆஸ்பத்திரி, ஒழுகுகிற கூரை, இந்த மூன்றுக்கும்தான் இனி ஜாமீன். கூத்தடிக்கிற கடனுக்குக் கிடையாது.

"எதுக்கு சாரு?" என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

ஊர் சுற்றுகிற வேன் என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி என்றால் யாருக்கு, என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரி என்று தோண்டுவார். கூரை என்றால் வாடகை வீட்டுக்கு ஏது கூரை? ஃபிரெட்ரிக் வாயைத் திறந்தார், "லிசாவுக்குக் கல்யாணம்" என்று வந்துவிட்டது. ஆழம் தெரியாமல் காலை விட்டவர் கதைதான்.

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். ஃபிரெட்ரிக் கெட்டிக்காரரும் இல்லை. புதன்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, ஹைதராபாத்தில் வேலை பார்க்கிற லிசா போன் பண்ணினாள்.

"டாடி, எனக்குக் கல்யாணமாமே?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு மாடிப்படிக்கடியில் போய் ஒதுங்கினார். "யாரும்மா சொன்னது?"

"நாலு ஆன்ட்டி வாட்ஸ்ஆப்ல வாழ்த்து அனுப்பியிருக்காங்க. ஒருத்தங்க ஜெரால்டு ரொம்ப நல்ல பையன், அவன எனக்குத் தெரியும்னு வேற போட்டிருக்காங்க. யாரு டாடி அந்த ஜெரால்டு? சம்பளமாவது ஒழுங்கா வாங்கறானா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். லிசா முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. வெள்ளிக்கிழம கமிட்டி கடன பாஸ் பண்ணிட்டா, வண்டிய எடுத்துடுவேன். அப்பறம் கல்யாணம் நின்னு போச்சுன்னு சொல்லிக்கலாம்."

"எனக்கு நிச்சயமாகி, நின்னும் போச்சா! நல்லா இருக்கு டாடி. இன்னைக்கு ராத்திரிக்குள்ள நீங்க அம்மாகிட்ட சொல்றீங்க. இல்லன்னா நான் சொல்லுவேன்."

சாயந்திரம் வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தார். காபி குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தார். காபி குடித்ததும், விளக்கு வைத்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தார். அதற்குள் வாசலில் மணி அடித்தது. மர்சலின் போய்க் கதவைத் திறந்தாள். ஆம்ப்ரோஸும் பிரிஸில்லாவும் நின்றிருந்தார்கள். பிரிஸில்லா கையில் தி. நகர் ஜவுளிக்கடைப் பை. 

"இன்னாக்கா, ஒரு வார்த்த சொல்லலியே!" பிரிஸில்லா மர்சலினைக் கட்டிக்கொண்டாள். "ரங்கநாதன் தெரு கூட்டத்துல நசுங்கி, லிசாவுக்குன்னு பாத்துப் பாத்து எடுத்துக்கினு வந்தேன். கலர் புடிக்கலன்னா மாத்திக்கலாம், பில்லு உள்ளயே கீது."

மர்சலின் பையை வாங்கவில்லை. பையைப் பார்த்தாள், பிரிஸில்லாவைப் பார்த்தாள், திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். திருடனைத் தேள் கொட்டின மாதிரி ஃபிரெட்ரிக் உட்கார்ந்திருந்தார். கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. ஆம்ப்ரோஸ் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "மாப்ள ஜெரால்டு இன்னா வேல செய்றாரு?" என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம்" என்று மர்சலின் உள்ளே போனாள்.

பாத்ரூம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஃபிரெட்ரிக் பேச முயன்றார். "கூட்டம் ஜாஸ்தியா கடைல?" என்பதுதான் வந்தது. பிரிஸில்லா ஜாஸ்தி என்றாள். மர்சலின் வெளியே வர நேரமாயிற்று. அழுகிறாளா, கோபமா, லிசாவுக்குப் போன் பண்ணுகிறாளா என்று ஒன்றும் தெரியவில்லை. அவர் மனசுக்குள் மாதாவிடம் வேண்டிக்கொண்டார். எதை வேண்டுவது என்றுகூடத் தெரியாமல் வேண்டினார்.

மர்சலின் வந்து பிரிஸில்லாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"லிசாவுக்குக் கல்யாணம் இல்ல பிரிஸில்லா. இவர் பொய் சொல்லியிருக்கார். கடன் ஒரு வேன் வாங்கறதுக்கு. பின்னாடி கக்கூஸ் வெச்ச வேன்."

"மர்சலின்..." என்றார் ஃபிரெட்ரிக்.

"நீங்க இருங்க. எனக்கு மூத்திரம் அடக்க முடியாது, பிரிஸில்லா. ஆறு வருஷமா. ரயில்ல எல்லார் முன்னாடியும் போயிட்டேன். அதுலேந்து எங்கயும் போறதில்ல. எங்க அக்கா சாகக் கெடக்கறா, அவளப் போய்ப் பாக்கணும். அதுக்குத்தான் அந்த வேன்."

ஆம்ப்ரோஸ் தரையைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துபோயிருந்தது. வெட்கமா கோபமா என்று பார்த்தால், பேச ஆரம்பித்ததும் கோபம் என்று தெரிந்தது.

"அக்கா, ஒங்க கஷ்டம் வேற. நான் அத்தச் சொல்லல. ஆனா சாரு, நீ எங்கிட்ட இன்னா சொன்ன? கல்யாணம்னு சொன்ன. இவ தலைல அடிச்சி சத்தியம் பண்ணி வெச்சிக்கினு கீறேன். இவ ஒன் பொண்ணுக்காக மண்டி போட்டு ஜெபமால சொல்லிக்கினு கீறா. ஆஸ்பத்திரின்னு சொல்லியிருந்தா போட்டுக்குடுத்திருப்பேனே! என்ன கேனையன் ஆக்கிட்ட இல்ல?"

"ஆம்ப்ரோஸ், நான்..."

"வேணாம். நாளைக்குக் காலைல சங்கத்துக்குப் போயி கையெழுத்த வாபஸ் வாங்கிடுவேன். பொய்க்கு நான் ஜாமீன் நிக்க மாட்டேன்."

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தார் ஃபிரெட்ரிக். மாசக் கடைசி வரைக்கும்தான் வாஜித் பாய் வண்டியை வைத்திருப்பார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் முழுப் பணத்தோடு காத்திருந்தார். அடுத்த கமிட்டி கூடுவதற்குள் வேன் கோயம்புத்தூர் போய்விடும், மழையும் வந்துவிடும்.

அப்போதுதான் பிரிஸில்லா பேசினாள். அவள் பேசியது ஆம்ப்ரோஸிடம் இல்லை, மர்சலினிடம்.

"நான் வெளிய கெளம்பற நாள்ல காலைல எழுந்ததுலேந்து தண்ணியே குடிக்க மாட்டேன்க்கா. இன்னைக்கும் குடிக்கல. தி. நகர்ல எங்க போறது? எங்க ஸ்கூல்ல டீச்சருங்களுக்கு இருக்கிற ஒண்ணுல பாதி நாள் தண்ணி வராது. டாக்டரு கிட்னில கல்லுன்னு சொல்லிட்டாரு. இவருக்குத் தெரியாது."

"இன்னாடி சொல்ற?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"கேட்டாத்தான சொல்றதுக்கு!" என்று அவர் பக்கம் திரும்பினாள். "நானும் சங்கத்துல மெம்பர்தான? இத்தினி வருஷத்துல ஒருத்தராவது எங்கிட்ட ஜாமீன் கேட்டு வந்திருக்கீங்களா? நான் போடறேன் அக்காவுக்கு."

"நான் சத்தியம் பண்ணி வெச்சிக்கீறேன்ல!"

"அது நீ பண்ண சத்தியம். நான் ஒண்ணும் பண்ணலியே. தலைதான் என்னுது."

ஆம்ப்ரோஸ் எழுந்து செருப்பைத் தேடினார். காபி வேண்டாம் என்றுவிட்டார். போகிறபோது புடவைப் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டார். பிரிஸில்லா வாசலில் நின்று, "காலைல ஆபீஸ் தொறந்ததும் போறேன். சங்கத்துல பேர மாத்தி எழுத ஒத்துக்கணும், அதுதான் தெரியல. பாப்போம்க்கா" என்று சொல்லிவிட்டு வேகமாக அவர் பின்னால் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்த பிறகு ஃபிரெட்ரிக் நின்றுகொண்டே இருந்தார். உட்கார்ந்தால் என்ன கேட்பாளோ என்று பயம்.

"நீதான யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்ன" என்றார் கடைசியில். "அதனாலதான்..."

"அன்னைக்கு சொன்னேன். ரயில்லேந்து எறங்கி, பொடவ நனைஞ்சி நின்னப்ப சொன்னேன். அதுக்கப்பறம் ஒரு தடவையாவது எங்கிட்ட கேட்டீங்களா? அந்த வேன்லேந்து எறங்கி, நீங்க ஷெட்டுக்கு வெளிய போன் பேசப் போனப்ப, வாஜித் பாய்கிட்டயே சொல்லிட்டேன். எதுக்கும்மா இந்த வண்டின்னு கேட்டாரு, சொன்னேன். அந்தத் தாழ்ப்பாள் கொஞ்சம் எறுக்கமா இருக்கு, மாத்திக் குடுக்கறேம்மான்னாரு. அவ்ளோதான். முன்ன பின்ன தெரியாத மனுஷன்."

மனைவியின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று இத்தனை நாள் காவல் இருந்தவர், அவளுக்கு வெட்கம் போய் நாளாகியிருக்கிறது, மிச்சம் இருந்ததெல்லாம் தன் வெட்கம்தான் என்று அப்போது உணர்ந்தார். பெண்டாட்டிக்கு இப்படி என்று ஊர் பேசினால் தன்னால் தாங்க முடியாது. அதுதான் உண்மை. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மர்சலின் போனை எடுத்தாள். நாகப்பட்டினத்துக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மேஜைமேல் வைத்தாள். யாரோ ஒரு இளம் சிஸ்டர் எடுத்துப் படுக்கைக்குக் கொண்டுபோனார். அக்காவின் குரல் மெலிந்து கேட்டது.

"மர்சி? இன்னாடி, நீயே பண்ணியிருக்க?"

"அக்கா, நான் வராததுக்கு லீவும் காரணமில்ல, முதுகு வலியும் காரணமில்ல. எனக்கு ஆபரேஷனுக்கு அப்பறம் ஒண்ணுக்கு அடங்கறதில்ல. பஸ்ஸுல ரயில்ல ஏற முடியாது. ஒங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சு. அவ்ளோதான்க்கா. வேற ஒண்ணுமே இல்ல."

லைன் போய்விட்டதோ என்று ஃபிரெட்ரிக் குனிந்து பார்த்தார். அப்புறம் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. சிஸ்டர் அழுதுகொண்டிருந்தார்.

"ஏழு வருஷம் முன்ன அம்மா செத்தப்ப நான் ஒன்ன ஒரு வார்த்த சொன்னேன், ஞாபகம் கீதா? வியாதில கெடந்தப்ப வந்து பாக்காதவ, பொணத்தப் பாக்க வந்துட்டியான்னு கேட்டேன். அதுக்கப்பறந்தான் நீ வரவே இல்ல. அதான் காரணம்னு நெனச்சேன்டி. எங்கூடப் பொறந்தவ மனச ஒடச்சிட்டேன்னு ஒவ்வொரு வாட்டி பாவசங்கீர்த்தனத்துலயும் சொல்லிக்கினு கீறேன். போன வாரம்கூட சாமியார்கிட்ட சொன்னேன். மன்னிப்பு குடுத்தாச்சு, திரும்பத் திரும்ப ஏன் சொல்றீங்கன்னு அவரே கோச்சிக்கினாரு. அவ இன்னும் வரலியே ஃபாதர்னு சொன்னேன்."

"ஐயோ அக்கா, எனக்கு அந்த வார்த்த ஞாபகமே இல்ல!" மர்சலின் இரண்டு கையாலும் போனைத் தூக்கி முகத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

பேப்பர் திருத்தணும், லீவு இல்ல, முதுகு வலி. மாதாமாதம் அந்தக் கிழவியிடம் அதைச் சொன்னது ஃபிரெட்ரிக்கின் வாய். ஒவ்வொரு சாக்குக்கும் அங்கே ஒரு பாவசங்கீர்த்தனம் நடந்திருக்கிறது.

"ஃபிரெட்ரிக் கீறாரா? எப்பக் கூட்டிக்கினு வராரு, கேளு."

மர்சலின் போனை அவரிடம் நீட்டினாள். இந்தத் தடவை அடுப்படிக்குப் போகவில்லை, எதிரிலேயே நின்றாள்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்றார். "வண்டி இன்னும் கைக்கு வரல. பொய் சொல்லி ஒரு ஜாமீன் வாங்கினேன், அது போயிடுச்சு. இன்னொருத்தங்க போடறேன்னு சொல்லியிருக்காங்க. சங்கத்துல ஒத்துக்குவாங்களான்னு வெள்ளிக்கிழமதான் தெரியும்."

"ஒத்துக்கலன்னா?"

பழக்க தோஷத்தில் ஒரு சாக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"தெரியல சிஸ்டர். பயமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு. அந்தப் பாவத்த இனிமே நீங்க சாமியார்கிட்ட சொல்லாதீங்க. அது நான் சொல்ல வேண்டியது."